சீதனக் காணியை ஈடு வைக்கு முன் ராகமைப் படிப்பையும் பாருங்கள்

கோப்பாயிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் பயோ, இரண்டாம் முறை எடுத்தும் மருத்துவபீடத்துக்கு இசட் ஸ்கோர், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளி, போதவில்லை. மகனுக்குப் பிறந்த கையோடு உணவுக்குழாயில் சத்திரசிகிச்சை. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் நெடுநாள் கிடந்து தேறிய பிள்ளை. அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்த அக்காவுக்கு, இப்படியான குழந்தைகளோடேயே வேலை செய்ய வேண்டும் என்று ஆசை. கனடாவில் இருக்கும் மாமா பாதிக் காசு தருகிறாராம், வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்கட்டுமாம். மீதிக்குத் தாயின் சீதனக் காணியை ஈடு வைக்க வேண்டும். "என்ன செய்யிறதெண்டு விளங்கேல்லை, இரவிலை நித்திரையும் இல்லை" என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை, அது நிறைவேறக்கூடிய ஆசையும்தான். ஆனால் காணியை ஈடு வைக்காதீர்கள். ராகமையில் இருக்கும் பேச்சு மொழிச் சிகிச்சைப் படிப்பை முதலில் பாருங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

மாமா சொல்லும் வழியை முழுதாக எண்ணிப் பாருங்கள். படிக்கப் போகும் பல்கலைக்கழகத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றிருக்க வேண்டும். படிப்பை முடித்துத் திரும்பினால், வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே டொக்டராகப் பதிய எழுதும் ஈஆர்பிஎம் பரீட்சை. அதில் தேறினால்தான் உள்ளகப் பயிற்சி. இவ்வளவும் முடிந்தால் அவர் ஒரு எம்பிபிஎஸ் டொக்டர், அவ்வளவுதான். குழந்தைகளின் இரைப்பை, குடல் நிபுணராக வேண்டுமென்றால் தெரிவுப் பரீட்சை எழுதி, குழந்தை மருத்துவத்தில் எம்டி என்ற மேற்பட்டம் முடித்து, அதற்கு மேல் அந்தத் துறைக்கென்று தனிப் பயிற்சியும் பெற வேண்டும். தடங்கல் ஒன்றும் வராவிட்டாலும் பதினைந்து வருடத்துக்குக் கிட்ட வரும். ஈட்டு வட்டி அதுவரை நிற்குமா? கல்யாணவீட்டில் "மகள் டொக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்ல மாமாவுக்குப் பெருமைதான். வட்டி கட்டப் போவது நீங்கள்.

நேர்சிங், பார்மசி, எம்எல்ரி என்ற மருத்துவ ஆய்வுகூடப் படிப்பு எல்லாம் யாழ். பல்கலைக்கழகத்திலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். அவற்றைப் பற்றி ரியூஷன் வாத்தியாரே சொல்லியிருப்பார். நான் சொல்ல வருவது வேறு.

உங்கள் மகனுக்கு இருந்த கோளாறில் உணவுக்குழாய் இடையில் அறுந்திருக்கும். பெரும்பாலும் கீழ்த்துண்டு மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும். பிறந்த முதல் நாட்களிலேயே சத்திரசிகிச்சை நிபுணர் அதைப் பொருத்திவிடுவார். பொருத்திய இடம் பிறகு சுருங்கினால் எண்டோஸ்கோப்பி வழியே பலூன் விட்டு விரிப்பார்கள். பால் மேலே எதிர்த்து வந்தால் அதற்கு மருந்து உண்டு. இவை எல்லாம் டொக்டரின் வேலை. ஆனால் வாரக்கணக்கில் குழாய் வழியே பால் குடித்த குழந்தைக்கு வாயால் சாப்பிடவே தெரியாது. கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பும், ஓங்காளிக்கும். விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் திரும்பத் திரும்ப நெஞ்சில் சளி கட்டி நியூமோனியா வரும். இந்தக் குழந்தையைச் சாப்பிடப் பழக்குவது யார்? ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சு மொழிச் சிகிச்சையாளர். கொன்னிப் பேசும் பிள்ளைக்கு மட்டும்தான் அவர் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். உதடு, நாக்கு, தொண்டை சேர்ந்து செய்யும் விழுங்கலும் அவருடைய வேலைதான்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் எவ்வளவு நுட்பம் என்று தெரியும். எக்ஸ்ரே திரையின் முன், படத்தில் தெளிவாய்த் தெரியும் பேரியம் என்ற மருந்து கலந்த உணவைக் கொடுத்து, அது எந்தப் பக்கம் போகிறது என்று எக்ஸ்ரேப் பிரிவு டொக்டரோடு சேர்ந்து பார்ப்பார். எந்தத் தடிப்பில் கொடுத்தால் குழந்தைக்குப் புரையேறாது என்று முடிவு செய்வார். இதற்கு ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுமுறை இருக்கிறது. தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. கஞ்சி எந்த மட்டம் என்று பார்க்க 10 மில்லிலீட்டர் சிரிஞ்ச் ஒன்று போதும். ஊசியைக் கழற்றி, நுனியை விரலால் அடைத்து, கஞ்சியை 10 வரை நிரப்பி, 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். 1 முதல் 4 மில்லிலீட்டர் வரை மிஞ்சினால் முதலாம் மட்டம், 4 முதல் 8 வரை இரண்டாம் மட்டம், 8க்கு மேல் மிஞ்சி, கொஞ்சமாவது ஓடியிருந்தால் மூன்றாம் மட்டம். சிலருக்குப் பயன்படும் முறை என்று நம்பி நீங்களாகவே உணவைத் தடிப்பாக்கிவிடக் கூடாது, எந்தக் குழந்தைக்கு எது என்பதைச் சிகிச்சைக் குழுதான் சொல்ல வேண்டும்.

இனி எங்கள் குசினிக்கு வாருங்கள். புட்டு உதிரும், அரைகுறையாய்ச் சப்பும் குழந்தைக்கு அது ஆபத்து. இடியப்பத்தில் சொதியை விட்டால் தண்ணியும் கட்டியும் ஒன்றாய் வாய்க்குள் போகும், விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு அந்தக் கலவைதான் கஷ்டம். "சத்துமாவை இந்த அளவுக்கு இறுக்கிக் காச்சுங்கோ, புட்டை இப்ப விடுங்கோ" என்று தாய்க்குத் தமிழில் சொல்லவும், அம்மம்மா "ஒரு வாய் புட்டுக் குடுத்தா என்ன" என்று கேட்டால் விளங்கப்படுத்தவும் ஒருவர் வேண்டும். மொழிபெயர்ப்பாளரை இடையில் வைத்து நடத்தும் சிகிச்சை இல்லை இது. தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் வடக்கு கிழக்கில் இன்னும் நிறையப் பேர் தேவை.

இந்தப் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடத்தில், ராகமையில் இருக்கிறது. பேச்சு மற்றும் செவிப்புலன் விஞ்ஞானம், நான்கு வருட விசேட பட்டம். மருத்துவபீடத்துக்குள்ளேயே படிப்பதால் உடற்கூறும் உடற்றொழிலியலும் நன்றாய்க் கிடைக்கும். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயதி நிலையமும் அங்கேதான். படிப்பு ஆங்கிலத்தில், ஆகவே ஆங்கிலத்தை இப்போதே தொடங்க வேண்டும். நோயாளிகளில் பலர் சிங்களம் பேசுவார்கள், சிங்களமும் பழக வேண்டிவரும். அரச பல்கலைக்கழகம் என்பதால் படிப்புக் கட்டணம் கிடையாது. சாப்பாடு, தங்கும் செலவு, புத்தகம் மட்டும்தான் உங்கள் பாடு, குடும்ப வருமானத்தைப் பொறுத்து மகாபொலப் புலமைப்பரிசிலும் கிடைக்கலாம். யாழ்ப்பாண ரயில் ராகமையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகிறது. சம்பளம் நிபுணத்துவ டொக்டரின் சம்பளத்தைத் தொடாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரச வைத்தியசாலைகளில் பதவி உண்டு, தனியாகவும் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது. தம்பி எதைச் சாப்பிட்டான், எப்போது இருமினான் என்று மகள் ஒரு கொப்பியில் எழுதிவைத்து கிளினிக்குக்குக் கொண்டுபோவாராம். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளையின் நாட்டம் எங்கே என்று இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அவருக்கு வேண்டியது அந்தக் குழந்தைகளோடு இருக்கும் வேலை. மாமாவுக்கு வேண்டியது பட்டம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஒருவேளை அவர் இதையெல்லாம் கேட்டபிறகும், "இல்லையம்மா, எனக்கு டொக்டராய்த்தான் வரவேணும்" என்றால், மூன்றாம் முறை எழுதட்டும். அது அவருடைய சொந்த விருப்பமாக இருந்தால் ஒரு வருடம் போவதில் தவறில்லை. அதற்கும் காணி தேவையில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலை எடுத்து, இந்தப் பட்டத்துக்கான பாடத் தகைமையையும் சென்ற வருட வெட்டுப்புள்ளியையும் நீங்களே பாருங்கள், யாரோ சொன்னதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். தம்பியின் அடுத்த கிளினிக்குக்கு மகளும் போகட்டும், விழுங்கல் சிகிச்சை தருபவரிடம் நேரே கேட்கட்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படிப்புகளின் விருப்ப வரிசையை அவரே தன் கையால் எழுதட்டும். கனடாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்வது மட்டும் உங்கள் பொறுப்பு, அதைப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.