இந்திய ஆப்பில் ஐபிஎல் ஏன் ஓடவில்லை?

வணக்கம் சகோதரரே. அப்பாவுக்காக இந்திய ஆப் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியும், பினாங்கு வீட்டில் ஐபிஎல் மட்டும் திறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் போனில் கோளாறு இல்லை. ஒளிபரப்பு உரிமையை நாடுவாரியாகப் பிரித்துத்தான் விற்கிறார்கள். 2023 முதல் 2027 வரைக்கான உரிமை, 2022 ஏலத்தில் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. இந்தியாவுக்குள்ளேயே டிவி உரிமை ஸ்டார் நிறுவனத்துக்கு, இணைய உரிமை வயாகாம்18 நிறுவனத்துக்கு. பின்னாளில் அந்த இரண்டு நிறுவனங்களும் இணைந்தன. ஆனாலும் வெளிநாட்டு உரிமை தனிக் கணக்குதான். இந்தப் போட்டா போட்டியில் அடிபடுவது நம் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு அதுதான் ஆதங்கம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே எழுதுங்கள். இங்கே மலேசியாவில் கட்டண டிவி நடத்தும் ஆஸ்ட்ரோவிடம் விசாரிக்கும்போது "கிரிக்கெட் வருமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஐபிஎல், உலகக் கோப்பை, இந்திய அணியின் தொடர் எல்லாம் வேறு வேறு ஒப்பந்தம். அப்பா இரவு 10 மணிக்குப் பார்க்க விரும்பும் தொடரைப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.