மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்

கேள்வி: எனக்கு வயது 48, ஊர் கோவை. பள்ளி, கல்லூரி நாள்களில் தினமும் 14 கி.மீ. சைக்கிள் மிதித்தவன். அதன்பின் 25 ஆண்டுகள் தொடவே இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் கியர் சைக்கிள் ஒன்று வாங்கி, அலுவலக நண்பர்களுடன் ஞாயிறுதோறும் 30 கி.மீ. போய் வருகிறேன். பத்தாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது. அடுத்த இரண்டு நாள்கள் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இன்னும் ஆறு மாதத்தில் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம்) ஒன்றில் கலந்துகொள்ள நண்பர்கள் அழைக்கிறார்கள். என்னால் முடியுமா?

பதில்: குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட சமநிலை 25 ஆண்டுகள் கழித்தும் முதல் மிதியிலேயே திரும்பிவிடுகிறது. உங்கள் சிக்கலுக்குத் தொடக்கமே அதுதான். கை தடுமாறவில்லை, வண்டி ஆடவில்லை என்றதும், உடம்பும் அந்த இருபது வயது உடம்புதான் என்று நம்பிப் பழைய தூரத்துக்குப் பழைய வேகத்தில் கிளம்பிவிடுகிறோம். ஆறு நாள் நாற்காலியில் அமர்ந்துவிட்டு ஏழாம் நாள் மட்டும் 30 கி.மீ. மிதிப்பவருக்கு, ஒவ்வொரு ஞாயிறும் ஏறத்தாழ முதல் நாள்தான். இரண்டு மாதமாகியும் மூச்சு வாங்குவது குறையாததற்குக் காரணம் உங்கள் வயதைவிட இந்த ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இழந்த திறன் திரும்புமா என்பதில் நம்பிக்கை கொள்ள நல்ல சான்று உண்டு. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்தி ஆராய்ந்தார்கள். அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில் மீண்டும் சோதித்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் 30 ஆண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரியவந்தது. பிறகு ஆறு மாதம் அவர்களுக்கு நடை, மெல்லோட்டம், நிலைச் சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி தந்ததும், இருபது வயதில் படுக்கைக்குப் போகும் முன் இருந்த அளவை ஏறத்தாழ எட்டிவிட்டார்கள். ஐந்தே பேரை வைத்து விதி எழுதிவிட முடியாதுதான். ஆயினும், ஓய்ந்திருந்ததால் வந்த இழப்பில் பெரும்பங்கு மீட்கக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மீள்வதில்லை. ஒழுங்காக மிதிக்கத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. ஐந்தாறு வாரங்களில் மூச்சு நன்றாகவே அடங்கிவிடும். தசைநாண்களும் மூட்டைச் சுற்றிய திசுக்களும் பாரத்துக்குப் பழக மாதக்கணக்கில் ஆகின்றன. ஆகவே என்னிடம் முழங்கால் வலியோடு வருபவர்களில் பலர் முதல் வாரத்துக்காரர்கள் அல்லர், "மூச்சு சரியாகிவிட்டது, இனி என்ன?" என்று தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்கிய இரண்டாம் மாதத்துக்காரர்கள்.

உங்களுக்கு வலி இப்போதே வந்துவிட்டது என்பதால் முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். பழைய சைக்கிளில் சீட்டில் அமர்ந்தபடியே கால் தரையில் ஊன்றப் பழகியவர்கள், புதிய வண்டியிலும் சீட்டை அவ்வாறே இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். அப்படி இறக்கினால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடும். முன்பக்க வலிக்கு இதுவே மிகப் பொதுவான காரணம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் அமர்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுதாக நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால், அந்த உயரத்தில் முழங்கால் சற்றே மடங்கி நிற்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கித்தான் காலூன்ற வேண்டியிருக்கும். நான்கு நாளில் பழகிவிடும். மாறாக, சீட்டை மிகையாக உயர்த்தினால் வலி முழங்காலின் பின்பக்கம் வரும்.

அடுத்தது கியர். கியரில்லாத வண்டியில் வளர்ந்தவர்கள் பலருக்கு, பெடல் கனமாக இருந்தால்தான் மிதிப்பது போலவே தோன்றும். நிமிடத்துக்கு 50 சுற்று அழுத்தி மிதிப்பதை விட்டு, இலகுவான கியரில் 80 சுற்று மிதித்தால், அதே வேகத்துக்கு ஒவ்வொரு மிதியிலும் தேவைப்படும் விசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. வலது கால் 15 வினாடியில் எத்தனை முறை கீழே இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். இருபது என்றால் நிமிடத்துக்கு 80. முதலில் மூச்சு சற்று அதிகமாக வாங்கும். அது நல்ல பரிமாற்றம்தான்: பாரம் முழங்காலிலிருந்து இதயத்துக்கு மாறுகிறது, இதயம் விரைவில் பழகிக்கொள்ளும் உறுப்பு. இவ்விரண்டையும் திருத்தி, இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்த பின்னும் வலி நீடித்தாலோ, முழங்கால் வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அடுத்த ஆறு வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் குழுவை விட்டு விலகியிருங்கள் என்று சொன்னால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். குழுவில் போகிறவர் முன்னால் செல்பவரின் மூச்சைக் கேட்டு ஓட்டுவாரே தவிரத் தன் மூச்சைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, வாரத்தில் நான்கு நாள் காலையில் அரை மணி நேரம், தொடர்ச்சியாக ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். வாரந்தோறும் ஒரு நாளை மட்டும் பத்து நிமிடம் நீட்டி, நான்காம் வாரம் வேண்டுமென்றே குறைத்து, மீண்டும் தொடருங்கள். கிலோமீட்டரைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் பாருங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை வைத்து ஓட்டலாமே என்று நண்பர்கள் சொல்லக்கூடும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு தனிமனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை எளிதில் பிசகும். அத்துடன், ரத்த அழுத்த மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் வகை இதயத்துடிப்பையே தணித்துவிடுவதால், நீங்கள் திணறும்போதும் கடிகாரம் சாதாரண எண்ணையே காட்டும். சிறுநீரைப் பெருக்கும் வகை என்றால் வெயிலில் நீரிழப்பு கூடும். எந்த வகை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, நீண்ட ஓட்டங்களைத் தொடங்கும் முன் இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே இறங்கிவிடுங்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கோவைக்காரர் என்பதால் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றில், சமதளமே மேடாகிவிடும். அந்த நாள்களில் சிறுவாணிச் சாலை போல மேற்கே செல்லும் வழியைத் தேர்ந்து, எதிர்க்காற்றில் போய்க் காற்றோடு திரும்புங்கள். மாற்றிச் செய்தால், போகும்போது காற்று தள்ளிய வேகத்தைத் தன் வலிமை என்று நம்பி, களைத்த கால்களோடு வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். எதிர்க்காற்றில் மணிக்கு 12 கி.மீ.தான் வருகிறதென்றால் அதுவே அன்றைய சரியான வேகம்.

சீட்டில் அமர்வதால் பின்புறத்தில் வரும் வலி இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் தணியும். அதற்காக மெத்தை போன்ற சீட் வாங்காதீர்கள், அது அழுந்தி நடுப்பகுதியை நெருக்கும். மரத்துப்போவது மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடியது அன்று. சீட்டின் முனையைச் சற்று இறக்கியோ சீட்டை மாற்றியோ பாருங்கள். சைக்கிள் எலும்புக்குப் பாரம் தராத பயிற்சி என்பதால், வாரத்துக்கு இரண்டு நாள் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, படியேறுவது போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடைத்தசை உறுதிப்பட்டால் முழங்காலுக்கும் அது துணை.

பிரெவே பற்றிக் கேட்டீர்கள். 200 கி.மீ.க்குத் தரப்படும் நேரம் 13 மணி 30 நிமிடம். சாப்பாடும் பஞ்சரும் ஓய்வும் அதற்குள் அடக்கம். அதாவது, நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கி.மீ. வர வேண்டும். வேகம் என்று பார்த்தால் அது உங்களுக்கு எட்டாததன்று. ஆனால் அந்த ஒரே நாளில் நீங்கள் நாற்பதாயிரம் முறைக்கு மேல் முழங்காலை மடக்கி நீட்டுவீர்கள். ஆறு மாதத்தில் மூச்சு அதற்குத் தயாராகிவிடும், முழங்கால் ஆகுமா என்பது எனக்கு ஐயமே. மூன்றாம் மாத முடிவில் வலியின்றி 50 கி.மீ., ஆறாம் மாதத்தில் தனியாகவோ ஒரே ஒரு நண்பருடனோ 100 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 100 கி.மீ.க்கு மறுநாள் காலை, கைப்பிடியைப் பிடிக்காமல் உங்களால் படியிறங்க முடிந்தால், அதற்கடுத்த பருவத்துப் பிரெவேக்குப் பெயர் கொடுக்கலாம்.