சிறுவயதுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: லண்டனில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகளுக்கு 27 வயதில் ஒரு கண்ணில் பார்வை திடீரென மங்கியது. பரிசோதித்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்நோய் இருந்ததில்லை. கர்ப்ப காலத்திலோ பிள்ளை வளர்ப்பிலோ தான் செய்த தவறுதான் காரணமோ என்று அக்கா மனம் நொந்துபோயிருக்கிறார். இதற்கும் சிறுவயதுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தொடர்பு உண்டு, ஆனால் உங்கள் அக்கா அஞ்சும் விதத்தில் அல்ல. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குவதுதான் இந்நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வெளிப்பட்டாலும், அதற்கான சூழல் பல ஆண்டுகளுக்கு முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனில் குடியேறியவர்களிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட, அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கோ மற்ற பிரிட்டிஷாருக்கு இருக்கும் அளவுக்கு வாய்ப்பு இருப்பதை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே தலைமுறையில் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியது வளர்ந்த இடம்.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இன்று கிடைத்திருக்கும் வலுவான விடை எப்ஸ்டீன்-பார் வைரஸ். அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களிலிருந்து நோய்வாய்ப்பட்டவர்களைக் கண்டறிந்து, பணிக்காலத்தில் சேமிக்கப்பட்ட அவர்களது ரத்த மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2022இல் வெளியானது. இவ்வைரஸ் தொற்றிய பிறகு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 32 மடங்கு உயர்ந்திருந்தது. அதைப் போலவே எச்சில் வழியாகப் பரவும் சைட்டோமெகலோ வைரஸால் அப்படி எதுவும் நேரவில்லை. நம் ஊர்க் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு எப்ஸ்டீன்-பார் மிகச் சிறுவயதிலேயே தொற்றி, வெறும் சளிக்காய்ச்சல் போல வந்த சுவடே தெரியாமல் போய்விடும். மேலை நாடுகளிலோ பலருக்கு அது பதின்ம வயதில்தான் தொற்றுகிறது. அப்போது கழுத்தில் நெறி கட்டி, வாரக்கணக்கில் சோர்வில் தள்ளும் சுரப்பிக் காய்ச்சல் வரக்கூடும். அக்காய்ச்சல் வந்தவர்களுக்கு இந்நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. எனினும் உலகில் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவ்வைரஸைச் சுமந்திருக்க, நோய் வருவது மிகச் சிலருக்கே என்பதால் வைரஸ் மட்டும் போதாது என்பதும் தெளிவு.

மரபணுவுக்கும் பங்குண்டு. ஆனால் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கு வருவது சுமார் நான்கில் ஒரு பங்கினருக்குத்தான். பதின்ம வயது உடல் பருமன், புகைப்பழக்கம், பிறர் விடும் புகை, வெயில் படாத வளர்ப்பு ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

கர்ப்ப காலத்தைப் பற்றி அக்கா குறிப்பாகக் கவலைப்படுவதால் இதையும் சொல்கிறேன். தாய்க்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுவதாகப் பின்லாந்து ஆய்வு ஒன்று 2016இல் கூறியது. ஸ்வீடனில் பிறந்த குழந்தைகளிடம் எடுத்து உலர்த்தி வைத்திருந்த ரத்தத் துளிகளைச் சோதித்தபோதோ அத்தகைய தொடர்பு தென்படவில்லை. இதை வைத்து எந்தத் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

கேள்வி: சிறுவயதில் போட்ட ஹெபடைடிஸ் பி தடுப்பூசி காரணமாக இருக்குமா?
– அதே வாசகி

பதில்: இல்லை. 1990களில் பிரான்சில் இந்த ஐயம் பெரிதாக எழுந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் தடுப்பூசியால் இந்நோய் வருவதாக உறுதிசெய்யவில்லை.