தேனீப் பெட்டி எந்த அளவில் செய்வது? கேள்வி பதில்

கேள்வி (குலசேகரம்): ஐயா, தச்சரிடம் பெட்டி செய்யக் கொடுக்கப் போகிறேன். லாங்ஸ்ட்ராத் பெட்டியின் வரைபடம் கையில் இருக்கிறது. அதையே கொடுத்துவிடலாமா?

பதில்: எந்தத் தேனீக்கு? லாங்ஸ்ட்ராத் பெட்டிக்குள் தேனீ அடை கட்டுவதற்காகத் தொங்கவிடும் மரச்சட்டம் வெளி அளவில் 448க்கு 232 மில்லிமீட்டர். அது இத்தாலியத் தேனீக்குப் பொருந்தும். நீங்கள் மரப்பொந்திலிருந்து பிடித்து வைக்கப்போவது இந்தியத் தேனீ என்றால் அவ்வளவு பெரிய வீடு அதற்கு ஆகாது. அடை கட்டி நிரப்ப முடியாத மூலைகளில் மெழுகுப்பூச்சி குடியேறும். பிறகு ஒருநாள் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிடும். நம் பக்கத்தில் புழங்கும் நியூட்டன் பெட்டியையே செய்யச் சொல்லுங்கள். இந்தியத் தேனீக்கென்றே நியூட்டன் பாதிரியார் வடிவமைத்தது அது. புழு வளரும் கீழ் அறை புழு அறை, அதன் மேல் தேனுக்காக வைப்பது தேன் அறை. புழு அறைச் சட்டத்தின் உள் அளவு 206க்கு 144. தேன் அறைச் சட்டத்துக்கு நீளம் அதே 206, உயரம் 62.

கேள்வி (அருமனை): தேன் அறைச் சட்டம் ஏன் இவ்வளவு குட்டை?

பதில்: குட்டைச் சட்டம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் மெழுகால் மூடப்படும். ரப்பர் தளிர்விட்டு இலைக்காம்பில் தேன் சுரக்கும் காலத்தில் புழு அறையைத் தொடாமலே மேலே உள்ளதைப் பலமுறை எடுக்கலாம்.

கேள்வி (திருவட்டாறு): அரை சென்டிமீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்கிறார் எங்கள் தச்சர்.

பதில்: அவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள். 1851இல் லாங்ஸ்ட்ராத் பெட்டியை வடிவமைத்த அமெரிக்கர் லாங்ஸ்ட்ராத் பிடித்துக்கொண்ட விஷயம் இந்த இடைவெளிதான். தான் நடந்து போவதற்கான இடைவெளியைத் தேனீ அடைக்காமல் விடும். இந்தியத் தேனீக்கு அந்த இடைவெளி சுமார் 8 மில்லிமீட்டர். சட்டத்தின் பக்கக் கட்டைக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அதைவிட அகலமாக விட்டால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும். பிறகு சட்டத்தைத் தூக்கும்போது அடை கிழியும், தேன் வடியும், புழு நசுங்கும், வாசனை பிடித்து எறும்பு வரிசைகட்டி வந்து சேரும். இடைவெளி குறைந்தால் சட்டம் சுவரோடு இறுகிக்கொள்ளும். 8 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றைத் தச்சரிடம் கொடுங்கள். சட்டத்தைத் தொங்கவிட்டு இரு பக்கமும் அது தடையில்லாமல் நுழைகிறதா என்று பார்த்தால் போதும். அளவுகோலைவிட அதுதான் நம்பிக்கை. அடுத்தடுத்த சட்டங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 31, 32 மில்லிமீட்டர் வரட்டும். இத்தாலியத் தேனீக்கு இது 35.

கேள்வி (கம்பம்): நண்பரிடம் ஐ.எஸ்.ஐ. (இந்தியத் தரநிலை) ஏ வகைப் பெட்டி இருக்கிறது. சட்டங்களை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அதன் புழு அறைச் சட்டத்தின் உள் அளவு 210க்கு 145. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான்; ஆனால் அந்த 4 மில்லிமீட்டர் நான் மேலே சொன்ன இடைவெளியை இரு பக்கமும் தின்றுவிடும். வேண்டாம். பி வகை 300க்கு 195. அதைக் கலப்பது பற்றிய பேச்சே இல்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரே அளவு. வலுவான கூட்டத்திலிருந்து புழுச்சட்டம் ஒன்றை எடுத்து நலிந்த கூட்டத்துக்குக் கொடுக்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

கேள்வி (பேச்சிப்பாறை): என்ன மரம்? பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: நன்றாக உலர்ந்த, கடும் வாசனை இல்லாத மரம் எதுவானாலும் சரி. பச்சை மரம் வளைந்து, பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியைக் கெடுக்கும். வெளிப்பக்கம் மட்டும் வெளிர் நிறத்தில் அடியுங்கள், உள்ளே வேண்டாம்.

கேள்வி (தக்கலை): கொசுத்தேனீயையும் இதே பெட்டியில் வைக்கலாமா?

பதில்: சட்டமே தேவையில்லை. அது தொங்கும் அடை கட்டாது; தேனைச் சின்னச் சின்னக் குடங்களில் சேர்க்கும். சிறிய மரப்பெட்டியோ மூங்கில் துண்டோ போதும். நியூட்டன் பெட்டிக்கான மரக்காசை மிச்சம் பிடியுங்கள்.