இலையா, வெட்டுக்கிளியா, சுவர்க்கோழியா? நீள்கொம்பு வெட்டுக்கிளிகள் பற்றிய கேள்வி பதில்

ஆங்கிலத்தில் கேட்டிடிட் என்றும் புஷ் கிரிக்கெட் என்றும் அழைக்கப்படும் நீள்கொம்பு வெட்டுக்கிளிகளைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

தென்காசியிலிருந்து: சார், ராத்திரி வராந்தா விளக்குக்கு இந்தப் பூச்சி வந்தது. பார்வைக்கு அச்சு அசல் கொய்யா இலை, காலைப் பார்த்தால் வெட்டுக்கிளி. பக்கத்து வீட்டுக்காரர் இலைப்பூச்சி என்று சாதிக்கிறார். எது சரி?

இலைப்பூச்சி இல்லை. இலைப்பூச்சி என்பது குச்சிப்பூச்சியின் உறவு. அது மெதுவாக ஊர்ந்து போகும், தாவுவதற்கேற்ற பெரிய தொடை அதற்குக் கிடையாது. உங்கள் படத்தில் பின்தொடை நன்றாகத் தெரிகிறது.

அதற்காக வயலில் தாவும் சாதாரண வெட்டுக்கிளி என்றும் சொல்லிவிட முடியாது. உணர்கொம்பைப் பாருங்கள். உடம்பைவிட நீளமாக, முடி போல மெலிதாக இருக்கிறது. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி எல்லாம் சேர்ந்த ஆர்த்தோப்டெரா என்ற வரிசை இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. கொம்பு குட்டையாகவும் தடித்தும் இருப்பவை சீலிஃபெரா என்ற துணைவரிசை. வயல் வெட்டுக்கிளிகளும் பாலைவன வெட்டுக்கிளியும் அதில் வரும். கொம்பு நீண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட கணுக்களோடு இருப்பவை என்சிஃபெரா. அதில் சுவர்க்கோழி, பிள்ளைப்பூச்சி, உங்கள் வராந்தாவுக்கு வந்த விருந்தாளி எல்லாம் அடக்கம். ஆக, பெயரில் வெட்டுக்கிளி இருந்தாலும் இதற்கு நெருங்கிய சொந்தம் சுவர்க்கோழிதான்.

காது இருக்கும் இடமும் இதையே சொல்லும். வயல் வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் முதல் கண்டத்தில் இருக்கிறது. நீள்கொம்பனுக்கு முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. நல்ல மேக்ரோ படமாக இருந்தால் அங்கே ஒரு சிறு பிளவோ முட்டை வடிவக் குழியோ தெரியும்.

அதே நண்பர், தொடர்ந்து: அப்படியானால் சுவர்க்கோழியிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது?

பாதத்தில் கணுக்களை எண்ணுங்கள். சுவர்க்கோழிக்கு மூன்று, இதற்கு நான்கு. சுவர்க்கோழியின் இறக்கை முதுகின்மேல் தட்டையாகப் படிந்திருக்கும், இதன் இறக்கை இரண்டு பக்கமும் கூரை போலச் சரிந்திருக்கும். இரண்டுமே முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசித்தான் பாடுகின்றன. ஆனால் சுவர்க்கோழி வழக்கமாக வலது இறக்கையை மேலே வைக்கும், நீள்கொம்பன் இடதை. பெண் பூச்சியாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். சுவர்க்கோழிக்கு முட்டையிடும் குழல் ஊசி மாதிரி. நீள்கொம்பனுக்குப் பக்கவாட்டில் தட்டையான வாளோ அரிவாளோ போல.

கோயம்புத்தூரிலிருந்து: எங்கள் முருங்கையில் இருந்த பூச்சிக்கு வால் பக்கம் நீளமாகக் கத்தி மாதிரி இருந்தது. அம்மா கொட்டும் என்று அடித்துவிட்டார்கள். கொட்டுமா அண்ணா?

கொட்டாது. அதுதான் மேலே சொன்ன முட்டையிடும் குழல். விஷமும் கிடையாது. பெரிய பூச்சியைக் கையில் இறுக்கிப் பிடித்தால் கடிக்கும், கொஞ்ச நேரம் வலிக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கத்தியின் வடிவமே வகைப்பாட்டுக்கு ஒரு தடயம். மண்ணுக்குள் முட்டை வைப்பவற்றுக்குப் பெரும்பாலும் நீண்ட வாள். இலை விளிம்பைப் பிளந்து, மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே முட்டையைச் செருகி வைப்பவற்றுக்குக் குட்டையாக மேல்நோக்கி வளைந்த அரிவாள். அடுத்த முறை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து ஒரு விவசாயி: சம்பா வயலில் மெலிதான பச்சைப் பூச்சிகள், கொம்பு ரொம்ப நீளம். மருந்துக் கடையில் வெட்டுக்கிளி மருந்து கொடுத்தார்கள். அடிக்கலாமா?

பொறுங்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கோனோசெஃபாலஸ் என்ற பேரினத்துக்குப் பொருந்துகிறது. இது நெல்லில் குருத்துப்பூச்சி இடும் முட்டைக் குவியல்களைத் தின்னும். வேளாண் துறையினர் நெல்லின் நன்மை செய்யும் பூச்சிகளில் இதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். முழு நல்லவன் என்றும் சொல்ல மாட்டேன். இலையையும் கொறிக்கும், பூக்கும் பருவத்தில் கதிரையும் கடிக்கும். ஆனால் கணக்குப் பார்த்தால் வயலில் இருப்பதால் வரும் லாபமே அதிகம் என்பது என் கருத்து. நெல்லை வெட்டித் தீர்க்கும் ஹைரோகிளிஃபஸ் வேறு, அது குட்டைக் கொம்பு. டப்பாவைத் திறக்கும் முன் கொம்பைப் பாருங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்றால் வேளாண் அலுவலரிடம் ஒரு பூச்சியைப் பிடித்துக் காட்டுங்கள்.

ஓசூரிலிருந்து: 2020இல் வடக்கே வந்த படை வெட்டுக்கிளியும் இந்தக் குடும்பமா?

இல்லை. அது சிஸ்டோசெர்கா கிரிகேரியா, குட்டைக் கொம்பு. அந்த மே மாதம் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடியில் கூட்டமாக இருந்து எல்லோரையும் பதற வைத்ததே, மஞ்சளும் நீலமுமாக ஒரு பூச்சி? அது இரண்டுமே இல்லை. எருக்கைத் தின்னும் வண்ண வெட்டுக்கிளி, அதுவும் குட்டைக் கொம்புதான்.

நீள்கொம்பன்களிலும் படையாகக் கிளம்புவது உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மார்மன் கிரிக்கெட் என்ற ஒன்று பறக்க முடியாமல் நடந்தே கூட்டம் கூட்டமாகப் போகும். பெயரில் கிரிக்கெட், உண்மையில் நீள்கொம்பன். 2006இல் வந்த ஆய்வு ஒன்று அவை ஏன் நிற்காமல் நடக்கின்றன என்று பார்த்தது. புரதமும் உப்பும் தேடித்தான் நடக்கின்றன. அந்த இரண்டுமே நிறைய இருப்பது முன்னால் போகும் பூச்சியின் உடம்பில். நின்றால் பின்னால் வருவது தின்றுவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு விலங்கியல் மாணவி: இந்தக் குடும்பத்துக்கு எத்தனை துணைக்குடும்பங்கள் சார்? ஒரு புத்தகத்தில் இருப்பது இன்னொன்றில் இல்லை. இலை மாதிரி இருப்பவை எல்லாம் ஒரே பிரிவா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

குழப்பம் உங்களுடையது இல்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758இல் சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, நீள்கொம்பன் மட்டுமல்ல, கும்பிடுபூச்சியையும் சேர்த்து கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டார். அதற்குள் உட்பிரிவுகளாகத்தான் டெட்டிகோனியாவும் மற்றவையும் இருந்தன. இன்றைய குடும்பப் பெயர் டெட்டிகோனிடே அந்தப் பெயரிலிருந்து வந்தது. இப்போது அதில் 8000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அண்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் உண்டு, வெப்பமண்டலக் காடுகளில்தான் மிக அதிகம்.

துணைக்குடும்ப எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். ஃபனரோப்டெரினே என்பதைச் சிலர் துணைக்குடும்பமாக வைக்கிறார்கள், சிலர் ஃபனரோப்டெரிடே என்று தனிக் குடும்பமாகவே உயர்த்திவிட்டார்கள். பூச்சி அதே பூச்சிதான். யார் யாருக்கு உறவு என்பது ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. அந்த உறவுக்கு எந்தப் படிநிலை கொடுப்பது என்பது மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவு. தேர்வுக்கு உங்கள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள். பெயர் சரிபார்க்க ஆர்த்தோப்டெரா ஸ்பீசிஸ் ஃபைல் என்ற இணையத் தரவுத்தளத்தைப் பாருங்கள்.

நம் பக்கம் தோட்டத்திலும் காட்டிலும் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஐந்து பிரிவுக்குள் அடங்கிவிடும். விளக்குக்கு வரும் மென்மையான பச்சை இலைக்காரர்கள் அநேகமாக ஃபனரோப்டெரினே. பின்னிறக்கை முன்னிறக்கையைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். தலை முன்பக்கம் கூம்பாக நீண்டு, இடைவிடாமல் காதைத் துளைக்கும் இரைச்சல் போடுவது யூகோனோசெஃபாலஸ். அதுவும் மன்னார்குடி வயல்காரரின் பூச்சியும் கோனோசெஃபாலினே. முன்கால்களில் நீண்ட முட்கள் வைத்துக்கொண்டு மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்பது ஹெக்ஸாசென்ட்ரஸ். இதை முன்பு லிஸ்ட்ரோசெலிடினேயில் வைத்திருந்தார்கள், இப்போது அதன் பெயரிலேயே தனித் துணைக்குடும்பம். பின்னங்கால் அளவுக்கு மீறி நீண்டு, காய்ந்த இலை நிறத்தில் வரும் மெக்கோபோடாவைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். சூடோஃபில்லினேயில் எனக்குப் பிடித்தது சாத்ரோஃபில்லியா. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும், பகலில் அதன்மேல் கையை வைத்தால்கூடத் தெரியாது.

இலை வடிவம்தான் உங்கள் இரண்டாவது கேள்வி. அதை நம்பிப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். 2013இல் மக்ல்ஸ்டன், சாங், வைட்டிங் மூவரும் வெளியிட்ட மரபணு ஆய்வு, இலை போன்ற இறக்கை இந்தக் குடும்பத்தில் தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்கிறது என்று காட்டியது. இலைக்குள் ஒளிந்தால் பறவை விட்டுவைக்கும். அந்தத் தேவை பல கிளைகளுக்கும் பொது. எனவே வடிவத்தைவிட மார்பின் அடிப்பக்க முள், பாதக் கணுவில் பள்ளம் இருக்கிறதா இல்லையா, ஆணின் வால் முனை உறுப்புகள் இவற்றையே நம்புவார்கள். நிறத்தை நம்பவே வேண்டாம். பச்சை இனத்திலேயே பழுப்பு வரும், எப்போதாவது அப்பட்டமான இளஞ்சிவப்பும் வரும்.

வால்பாறையிலிருந்து: தேயிலை ஓரம் ராத்திரியில் ஒரே மாதிரிப் பூச்சிகள் வேறு வேறு விதமாகக் கத்துகின்றன. என் கற்பனையா?

கற்பனை இல்லை, மெக்கோபோடாவாக இருக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விவேக் நித்யானந்தாவும் ரோகிணி பாலகிருஷ்ணனும் 2006இல் இதைப் பற்றி எழுதினார்கள். தென்னிந்தியாவில் பிடித்த மெக்கோபோடாக்களை உருவத்தில் பிரிக்க முடியவில்லை, பாட்டிலோ ஐந்து வகை. ஒன்று ரயில் போல, ஒன்று ஹெலிகாப்டர் போல, இன்னொன்று விட்டுவிட்டுக் கிரீச்சிடுவது, அது இரட்டையாக வருவது ஒன்று, இரண்டு பகுதியாகப் பாடுவது ஒன்று. ஆங்கிலத்தில் அவற்றுக்கு வைத்த செல்லப் பெயர்களும் அவையே. பெண் பூச்சி தன் வகைப் பாட்டைத் தேடித்தான் போகும் என்றால், ஒரே உருவத்துக்குள் பல இனங்கள் ஒளிந்திருக்கின்றன என்று எண்ண இடமிருக்கிறது. இறந்த பூச்சியை ஊசியில் குத்திவைத்து வகைப்படுத்திய காலத்தில் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதில் கிரீச்சிடும் வகையின் ஆண்கள் பக்கத்தில் இருப்பவனோடு தாளம் சேர்த்துப் பாடுகின்றன. பெண்ணுக்குப் பிடித்தது முந்திக்கொண்டு தொடங்குபவனை.

பாடுவது ஆபத்து என்றுதானே நினைப்போம்? அதே குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையில் பூச்சி தின்னும் மெகடெர்மா வௌவால்களின் இருப்பிடத்தில் கிடந்த மிச்சங்களைப் பார்த்தார்கள். அதிகம் மாட்டியிருந்தவை பாடாத பெண் பூச்சிகள். துணை தேடிப் பறப்பதே பாடுவதைவிட ஆபத்து என்பது அவர்கள் வந்த முடிவு.

மதுரையிலிருந்து: பூச்சி கத்துகிறது என்று மகள் சொல்கிறாள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காது டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

வயது கூடக்கூட உச்ச ஒலிகள்தான் முதலில் காதிலிருந்து நழுவும். நீள்கொம்பன்களில் நிறையப் பாட்டுகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும். அது மகளுக்கும் கேட்காது. தென் அமெரிக்கக் காடுகளில் சூப்பர்சோனஸ் என்ற பேரினம் 150 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. பேச்சு நன்றாகக் கேட்கிறது என்றால் பூச்சிக்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஜொகூரிலிருந்து: இங்கே புல்வெளியில் கறுப்பு எறும்பு ஒன்று தாவியது. எறும்பு தாவுமா?

தாவும் எறும்புகள் உண்டு. ஆனால் உங்கள் படத்தில் இருப்பது மேக்ரோசிஃபஸ் பேரினத்தின் இளம்பூச்சி போலத் தெரிகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. சின்ன வயதில் எறும்பு வேஷம், வளர்ந்ததும் வேஷம் கலையும்.

சென்னையிலிருந்து, வரலாற்று ஆர்வலர்: இந்தக் கூட்டத்துக்குப் பழைய முன்னோர் யாராவது இன்னும் மிச்சமிருக்கிறார்களா?

கிட்டத்தட்ட. ப்ரோஃபலாங்கோப்சிஸ் அப்ஸ்க்யூரா என்று ஒன்று. 1869இல் ஃபிரான்சிஸ் வாக்கர் ஒரே ஓர் ஆண் பூச்சியை வைத்துப் பெயரிட்டார், கிடைத்த இடம் 'இந்துஸ்தான்' என்று மட்டும் இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இன்றும் உண்டு. நீள்கொம்பன் இல்லை, அதற்கு உறவான ஒரு பழங்குடும்பம். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை புதைபடிவங்கள்தான். 2022இல் அதன் இறக்கையை அளந்து, சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸில் பாடியிருக்கும் என்று கணித்தார்கள். சீனாவின் உள் மங்கோலியாவில் கிடைத்த, 16.5 கோடி ஆண்டுப் பழமையான ஆர்க்கபோய்லஸ் மியூசிகஸ் என்ற புதைபடிவப் பூச்சிக்கும் 2012இல் இதேபோல் கணித்தார்கள், 6.4 கிலோஹெர்ட்ஸ். இரண்டுமே நம் காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒலிகள்.

நாமக்கல்லிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன்: அண்ணா, இதை யாராவது சாப்பிடுவார்களா?

சாப்பிடுவார்கள் தம்பி. உகாண்டாவில் ருஸ்போலியா என்ற நீள்கொம்பனை ன்செனேனே என்று சொல்லி, காலும் இறக்கையும் பிய்த்து வறுத்துச் சந்தையில் விற்பார்கள். நவம்பரில் அமோகமாகக் கிடைக்கும்.

பலரும் கேட்டது: படம் எப்படி எடுத்து அனுப்புவது?

பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் முனை தெரிய ஒன்று. கொம்பை வெட்டாதீர்கள். கூடவே செடியின் பெயர், ஊர், மாதம். பாடிக்கொண்டிருந்தால் போனில் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள், மெக்கோபோடா மாதிரி ஆட்களுக்கு அதுதான் படத்தைவிட உதவும். இறக்கை குட்டையாக இருந்தால் வளர்ந்ததா, இளம்பூச்சியா என்று பார்க்க வேண்டும். வளரும் பருவத்தின் கடைசியில் பின்னிறக்கை மொட்டு முன்னிறக்கை மொட்டின் மேல் ஏறிக் கிடக்கும். அப்படி இருந்தால் அது இன்னும் குஞ்சு. அதற்குப் பேரினம் வரைதான் சொல்ல முடியும், சில சமயம் அதுகூட முடியாது.