ஐந்து தோல்வி ஆயிற்று, கோச்சை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் கால்பந்து அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றுவிட்டது. பயிற்சியாளரை நீக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு அனுப்பும் கடிதத்தில் ரசிகர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். நானும் போடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் அந்த ஐந்து ஆட்டங்களையும் ஸ்கோரை மறந்துவிட்டுப் பாருங்கள். நல்ல கோல் வாய்ப்புகள் உருவாகி, பந்து போஸ்ட்டில் பட்டும் பெனால்டி வீணாகியும் தோற்றிருந்தால் அந்தச் சரிவு யார் கோச்சாக இருந்தாலும் ஒருநாள் நிற்கும். நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான முடிவுகளை பாஸ் தெர் வேல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்தார். சரிவின் நடுவில் கோச்சை மாற்றிய அணிகளும், அதேபோல் சரிந்தும் மாற்றாத அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டிருந்தன. மாற்றிய அணியின் ரசிகர்கள் மட்டும் 'பார்த்தீங்களா, நாங்க அப்பவே சொன்னோம்' என்றிருப்பார்கள்!

வாய்ப்பே உருவாகவில்லை என்றால் கதை வேறு. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) அணியான 'சென்னையின் எஃப்சி'யின் 2019-20 பருவம் நினைவிருக்கிறதா? 2018-இல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கித் தந்த கோச் ஜான் கிரெகரி, அடுத்த பருவத்தில் அணி கடைசி இடத்துக்குப் போன பிறகும் தொடர்ந்தார். 2019-இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி. அவர் விலக, டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். அணி நான்காவது இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை வென்று, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே கொல்கத்தா அணியான ஏடிகேவிடம் 1-3 என்று தோற்றது. நான் இதில் கவனிப்பது வேறொன்றை. அந்தப் பருவத்தில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் ஆட்டத்தை இயக்கிய கிரிவெல்லாரோவும் காயில் கொண்டுவந்தவர்கள் அல்ல, ஏற்கெனவே அணியில் இருந்தவர்கள். சரக்கு இருந்தது, வேலை வாங்கத் தெரிந்தவர் வந்தார்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் இது தலைகீழாக நடந்தது. 2024 அக்டோபரில் எரிக் டென் ஹாக்கை நீக்கினார்கள். அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பவே ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவு. வந்த ரூபன் அமோரிம் மூன்று சென்டர்-பேக் முறையில், அதாவது நடுத் தடுப்பில் மூன்று பேரை நிறுத்தி ஆடுவதில், பிடிவாதமாக இருந்தார். அணியோ அதற்காகச் சேர்த்த அணி அல்ல. புது வீரர்களை வாங்க அனுமதிக்கும் டிரான்ஸ்ஃபர் விண்டோவும் ஜனவரியில்தான். டென் ஹாக் போனபோது 14-ஆவது இடம், பருவ முடிவில் 15.

ஆகவே கடிதத்தைக் கொண்டுவருபவரிடம் 'யாரைக் கொண்டுவரப் போகிறோம், இருக்கும் வீரர்களை வைத்து அவர் எப்படி ஆடுவார்?' என்று கேளுங்கள். பெயரே இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம். ஒரு விதிவிலக்கு உண்டு: வீரர்கள் கோச்சின் பேச்சைக் கேட்பதையே விட்டிருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. பந்தை இழந்ததும் எத்தனை பேர் பின்னால் ஓடிவருகிறார்கள் என்று பாருங்கள், அது கேலரியிலிருந்தே தெரியும். டிவியில் தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடும்.