பழைய கன்சோலுக்கு எந்த ரிசீவர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கேம் கன்சோல்களின் டிஜிட்டல் ஒலியை ரிசீவரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியில்) கேட்பது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் பிளேஸ்டேஷன் 2, முதல் எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் மூன்றும் இருக்கின்றன. இவற்றுக்கென்றே ஒரு ஏவி ரிசீவர் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

ரிசீவரின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கன்சோலின் பின்பக்கத்தைப் பாருங்கள். உங்கள் மூன்று கன்சோல்களும் மூன்று விதமாக ஒலியை அனுப்புகின்றன. அந்த மூன்றையும் புரிந்துகொள்ளும் ரிசீவர்தான் உங்களுக்கு வேண்டும்.

எக்ஸ்பாக்ஸிலிருந்து தொடங்குவோம். 2001-ல் வந்த அந்தப் பெட்டியில் உள்ள ஒலிச் சிப், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே 5.1 ஒலியை, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியான ஒலியை, டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றி வெளியே தரும். கதைக் காட்சிகளுக்கு மட்டுமல்ல, நீங்கள் ஓடும்போதும் சுடும்போதும் அதே 5.1 தான். ஆனால் பெட்டியோடு வந்த சாதாரண ஏவி கேபிளில் ஆப்டிகல் (டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் இணைப்பு) கிடையாது. அட்வான்ஸ்டு ஏவி பேக் அல்லது ஹை டெஃபினிஷன் ஏவி பேக் வேண்டும். ஆப்டிகல் போர்ட் அவற்றில்தான் இருக்கிறது. ரிசீவரைத் தேடுவதற்கு முன் இதைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேஸ்டேஷன் 2-ல் ஆப்டிகல் போர்ட் கன்சோலிலேயே இருக்கிறது, ஸ்லிம் மாடலிலும் உண்டு. ஆனால் விளையாடும்போது அதன் வழியாக வருவது பெரும்பாலும் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல்) ஒலிதான். பல விளையாட்டுகள் அந்த இரண்டு சேனலுக்குள் பின்பக்க ஒலியையும் ப்ரோ லாஜிக் 2 முறையில் மடித்து வைத்திருக்கும். கதைக் காட்சிகளில் மட்டும் டால்பி டிஜிட்டல் தருபவை உண்டு. எஸ்எஸ்எக்ஸ் டிரிக்கி போன்ற சில விளையாட்டுகள் விளையாடும்போதே டிடிஎஸ் (டால்பி டிஜிட்டல் போன்ற இன்னொரு பல சேனல் வடிவம்) தரும்.

கேம்கியூபில் ஆப்டிகலே இல்லை. ரோக் லீடர், மெட்ராய்டு ப்ரைம், ரெசிடென்ட் ஈவில் 4 எல்லாம் சாதாரண சிவப்பு-வெள்ளை அனலாக் வயரிலேயே ப்ரோ லாஜிக் 2 தருகின்றன. முதலில் வந்த மாடலின் பின்னால் உள்ள டிஜிட்டல் ஏவி போர்ட்டில் எச்டிஎம்ஐ அடாப்டர் மாட்டினால் டிஜிட்டல் ஒலி கிடைக்கும். பின்னால் வந்த மாடலில் அந்தப் போர்ட்டை எடுத்துவிட்டார்கள். எப்படி மாட்டினாலும் வருவது இரண்டு சேனல்தான், அதை விரிப்பதற்கு ரிசீவரில் ப்ரோ லாஜிக் 2 இருந்தாக வேண்டும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், ப்ரோ லாஜிக் 2, குறைந்தது இரண்டு ஆப்டிகல் இன்புட், ஓர் அனலாக் இன்புட். 2000-களின் நடுவில் வந்த நடுத்தர ரிசீவர்களில் இவையெல்லாம் சாதாரணமாக இருந்தன. இந்தக் கன்சோல்கள் கடைகளில் இருந்த காலத்தில் அவற்றுக்குத் துணையாக வந்தவை அவை. உங்கள் நிலையில் நான் புதிது வாங்க மாட்டேன், அந்தக் காலத்து ரிசீவர் ஒன்றைத் தேடிப் பிடிப்பேன்.

கேள்வி: டால்பி அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) வசதியுள்ள புது ரிசீவர் வைத்திருக்கிறேன். மெனுவில் ப்ரோ லாஜிக் 2 என்று எதுவுமே இல்லை. கேம்கியூபும் அதற்குப் பின் வந்த நிண்டெண்டோ வீயும் இதில் சரவுண்டாகக் கேட்காதா?

கேட்கும். 2014-ல் அட்மாஸ் ரிசீவர்கள் வந்தபோது ப்ரோ லாஜிக் குடும்பத்தின் இடத்தில் 'டால்பி சரவுண்ட்' என்ற புது முறையை வைத்தார்கள். அந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சேனலுக்குள் மடித்து வைத்த ஒலியை அதுவும் விரிக்கும்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ப்ரோ லாஜிக் 2-க்காகக் கலந்த விளையாட்டில், பின்னால் இடது பக்கம் ஓர் எதிரி நின்றால் அந்த இடது ஸ்பீக்கரிலிருந்தே சத்தம் வரும். புது முறையில் அந்தத் திசை கொஞ்சம் பரவிப் போய்விடுகிறது என்பது என் காதுக்குப் பட்டது. சினிமா, பாட்டு எல்லாவற்றையும் இனிமையாக விரிப்பதற்கு அது நல்ல முறை. சத்தத்தை வைத்து எதிரியின் இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ப்ரோ லாஜிக் 2 தான் பிடிக்கும். கையில் புது ரிசீவர் இருந்தால் இதற்காக அதை மாற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். கேம்கியூபின் சிஸ்டம் மெனுவில் ஒலி 'ஸ்டீரியோ' என்று இருக்க வேண்டும், வீயில் 'சரவுண்ட்'. விளையாட்டுக்குள்ளும் தனியாக ஒரு தேர்வு இருக்கலாம். ரிசீவர் 'டைரக்ட்' அல்லது 'ஸ்டீரியோ' முறையில் இருந்தால் எதையும் விரிக்காது. சரவுண்ட் வரவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்களில் பலருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கிறது.

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-ஐ ஆப்டிகலில் இணைத்திருக்கிறேன். கதைக் காட்சி தொடங்கும்போதெல்லாம் முதல் வார்த்தை காணாமல் போகிறது. கேபிள் கெட்டுவிட்டதா?

கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. விளையாடும்போது பிசிஎம் வந்துகொண்டிருக்கிறது. காட்சி தொடங்கியதும் திடீரென்று டால்பி டிஜிட்டல் வருகிறது. ரிசீவர் 'இது வேறு வகை' என்று கண்டுகொண்டு, ஒலியை அடக்கி, டிகோடரை மாற்றி, மறுபடி திறக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் முதல் வார்த்தை போய்விடுகிறது.

இந்த மாற்றத்தை ஒவ்வொரு ரிசீவரும் ஒவ்வொரு வேகத்தில் செய்யும். சிலவற்றில் கண் சிமிட்டும் நேரம், சிலவற்றில் ஒரு முழு வாக்கியமே போய்விடும். எந்த விவரப் பட்டியலிலும் இது இருக்காது. அதனால் வாங்கப் போகும்போது முடிந்தால் கன்சோலையே கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். இப்போதைக்கு அந்த இன்புட்டின் டிகோட் அமைப்பு 'ஆட்டோ'வில் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிஎம் மட்டும், டிடிஎஸ் மட்டும் என்று பூட்டி வைத்தால் மற்ற வகை வரும்போது மௌனமோ இரைச்சலோதான் வரும். அப்படியும் தொந்தரவாக இருந்தால் விளையாட்டின் ஒலி மெனுவில் டால்பி டிஜிட்டலை அணைத்து ஸ்டீரியோவுக்கோ ப்ரோ லாஜிக் 2-க்கோ மாற்றிவிடுங்கள். முதல் வார்த்தை திரும்பிவிடும்.

கேள்வி: ஆப்டிகல் நல்லதா, கோஆக்சியல் நல்லதா?

கோஆக்சியல் என்பது அதே டிஜிட்டல் ஒலியைச் செம்பு வயரில் அனுப்பும் இணைப்பு. இரண்டிலும் போவது ஒரே தகவல்தான், தரத்தில் வித்தியாசம் இல்லை. பிளேஸ்டேஷன் 2-ம் எக்ஸ்பாக்ஸும் தருவது ஆப்டிகல் என்பதால் உங்களுக்குத் தேர்ந்தெடுக்கவே ஒன்றுமில்லை. புதுக் கேபிளின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள். கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள்.

கேள்வி: சூப்பர் நிண்டெண்டோவில் டிஜிட்டல் ஒலி வரும்படி மாற்றம் செய்து ஆப்டிகல் போர்ட் வைத்திருக்கிறேன். ஒரு ரிசீவரில் நன்றாகக் கேட்கிறது, இன்னொன்றில் சத்தமே இல்லை. ஏன்?

மிக நல்ல கேள்வி. அந்தக் கன்சோலின் ஒலிச் சிப் நொடிக்கு 32,000 மாதிரிகள் என்ற வேகத்தில் வேலை செய்கிறது, அதாவது 32 கிலோஹெர்ட்ஸ். சிடி 44.1, டிவிடி 48. வீட்டு டிஜிட்டல் ஒலி இணைப்பின் தரவிதி இந்த மூன்று வேகங்களையுமே அனுமதிக்கிறது. டாட் என்ற டிஜிட்டல் ஒலிப்பதிவு டேப்பின் நீண்ட நேரப் பதிவு 32-ல் இருந்ததால் பழைய ரிசீவர்களில் பல அதை ஏற்றுக்கொள்ளும். புதிய சின்ன டிஜிட்டல்-அனலாக் மாற்றிகள், சவுண்ட்பார்கள் போன்றவற்றில் 44.1-க்குக் கீழே எதையும் ஏற்காதவை உண்டு.

அப்புறம் இன்னொரு சிக்கல். அந்தச் சிப்புக்குத் தாளம் கொடுப்பது குவார்ட்ஸ் படிகம் அல்ல, ஒரு செராமிக் ரெசனேட்டர். அது அவ்வளவு துல்லியமாக ஓடாது. பல கன்சோல்களில் உண்மையான வேகம் 32,000-ஐச் சற்றுத் தாண்டியே இருக்கும். பெருந்தன்மையான ரிசீவர் பின்தொடர்ந்து பிடித்துக்கொள்ளும், கண்டிப்பானது சிக்னலே இல்லை என்று சொல்லிவிடும்.

கையேட்டின் பின்பக்க விவரத்தில் 32 கிலோஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தும் பிடிக்கவில்லை என்றால், எந்த வேகத்தில் வந்தாலும் 48-க்கு மாற்றித் தரும் மாதிரிவேக மாற்றி ஒன்றை நடுவில் வையுங்கள்.

கேள்வி: படத்தையும் ரிசீவர் வழியாகவே டிவிக்குக் கொண்டுபோகலாமா? ஒரே வயர் போதும் அல்லவா?

பழைய கன்சோலுக்கு வேண்டாம். வசதிக்காகப் பலரும் இதைச் செய்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறார்கள், அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

1990-களின் கன்சோல்கள் பெரும்பாலும் 240பி என்ற படத்தை, அதாவது 240 வரிகளையும் ஒரே முறையில் வரையும் படத்தை, தருகின்றன. அனலாக்கை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் ரிசீவர்களில் பல இதை 480ஐ (ஒன்று விட்ட வரிகளை இரண்டு பாதிகளாக அனுப்பும் படம்) என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டு பாதிகளைப் பின்னிச் சேர்க்க முயல்கின்றன. ஓடும் பாத்திரத்தின் விளிம்பு சீப்புப் பல் போல் ஆகும், மினுங்கும் நிழல்கள் காணாமல் போகும். அந்தச் செயலாக்கத்துக்கே நேரம் பிடிக்கும் என்பதால் பொத்தானை அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் இடையில் தாமதம் வரும். நொடிக்கு 60 படம் ஓடும் விளையாட்டில் ஒரு படம் என்பது சுமார் 16.7 மில்லி நொடி. இரண்டு மூன்று படம் தாமதமானால் கை உணர்ந்துவிடும்.

ரெட்ரோடிங்க் போன்ற ஸ்கேலர் (பழைய கன்சோலின் படத்தைப் புது டிவிக்கேற்ப மாற்றும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சூப்பர் நிண்டெண்டோவின் அமெரிக்க, ஜப்பானிய மாடல்கள் நொடிக்குச் சுமார் 60.1 படம் தருகின்றன. டிவியின் வழக்கமான 59.94 அல்ல. ஸ்கேலர் அதை அப்படியே கடத்தும்போது டிவி ஏற்றாலும் நடுவில் இருக்கும் ரிசீவர் திணறும். விளையாட்டு 240பி-யிலிருந்து 480ஐ-க்குத் தாவும் ஒவ்வொரு முறையும் சில நொடி கறுப்புத் திரை வந்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

படத்தை நேராக டிவிக்கு அல்லது ஸ்கேலருக்கு அனுப்புங்கள், ஒலியை மட்டும் ரிசீவருக்குப் பிரித்துக் கொடுங்கள். ஆப்டிகல் உள்ள கன்சோலில் இது மிகச் சுலபம்.

கேள்வி: ஒலியிலும் தாமதம் உண்டா? தாள விளையாட்டுகளில் எனக்கு எப்போதும் பிந்துகிறது.

உண்டு. டால்பி டிஜிட்டல் ஒலியை 1,536 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகக் கட்டுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு கட்டு 32 மில்லி நொடி, கிட்டத்தட்ட இரண்டு படம். எக்ஸ்பாக்ஸ் உடனுக்குடன் மாற்றினாலும் கட்டு நிறையும் வரை காத்திருக்க வேண்டும். தாள விளையாட்டுக்கு மட்டும் கன்சோலின் ஒலியை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பிசிஎம் ஒலிக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. ரிசீவரில் 'ஆடியோ டிலே' பூஜ்யத்தில் இருக்கட்டும், 'டைரக்ட்' முறையைப் போடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் பிந்தினால் டிவியில் கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் டிவியில் மாட்டிவிட்டு, டிவியின் ஆப்டிகல் போர்ட்டிலிருந்து ரிசீவருக்கு எடுக்கலாமா?

ஸ்டீரியோ போதும் என்றால் எடுக்கலாம். எச்டிஎம்ஐ வழியாக வரும் 5.1-ஐ ஆப்டிகலில் அனுப்பும்போது ஸ்டீரியோவாகச் சுருக்கிவிடும் டிவிக்கள் நிறைய உள்ளன.

கேள்வி: பிளேஸ்டேஷன் 3-க்கும் இதே ஆப்டிகல் போதுமா?

வேலை செய்யும், ஆனால் முழுப் பலன் கிடைக்காது. ஆப்டிகலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான் போகும். 5.1 வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ் ஆகவோ சுருக்கித்தான் அனுப்ப முடியும். பிளேஸ்டேஷன் 3 எச்டிஎம்ஐ-யில் 7.1 வரை சுருக்காத பிசிஎம் தருகிறது, அதைக் கேட்டுப் பார்த்தால் விட மனம் வராது.

எச்டிஎம்ஐ போர்ட் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பகால ரிசீவர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ என்பது படத்தைக் கடத்துவதற்கு மட்டும், ஒலியை அவை தொடவே தொடா. கையேட்டில் எச்டிஎம்ஐ வழியாகப் பல சேனல் பிசிஎம் ஏற்கும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். 2010-ல் வந்த எஸ் மாடலில் ஆப்டிகல் போர்ட் கன்சோலிலேயே உண்டு, 2013-ல் வந்த ஈ மாடலில் அது இல்லை.

கேள்வி: எத்தனை வாட்ஸ் வேண்டும்?

சாதாரண அறைக்கு எந்த நடுத்தர ரிசீவரும் போதும். பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் ஒன்றிரண்டு சேனல்களை மட்டும் இயக்கி அளந்தது. அதைவிட ரிசீவர் எத்தனை ஓம் ஸ்பீக்கரைத் தாங்கும் என்பதைப் பின்பக்கத்தில் படித்து, உங்கள் ஸ்பீக்கரோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: பழைய ரிசீவர் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். அங்கே நின்று எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில் ரிமோட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல ரிசீவர்களில் ஸ்பீக்கர் அளவு, தூரம், இன்புட் ஒதுக்கீடு எல்லாம் ரிமோட் இல்லாமல் செய்ய முடியாது. ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்யும் மைக் கூட இருந்தால் இன்னும் நல்லது.

எல்லா ஆப்டிகல் இன்புட்டிலும் மாற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள், ஒன்று வேலை செய்தால் மற்றதும் செய்யும் என்று நம்பாதீர்கள். பிறகு ஒலியை மிகக் குறைவாக வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மறைந்து, கூட்டியதும் 'டப்' என்று திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைக்கும் மின் சுவிட்சின்) தொடுமுனைகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அது சின்ன வேலை. ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வந்தாலும் பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும்.

அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். சூடானதும் தானாக அணைந்துவிடும் ரிசீவரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எச்டிஎம்ஐ மட்டும் கெட்டுப்போனது என்று சொல்லி விற்பவை அடிக்கடி வரும். பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு அது நல்ல வாய்ப்பு, ஆப்டிகலில் டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்-ம் சரியாக வருகின்றனவா என்று அங்கேயே கேட்டுவிட்டு வாங்கலாம். பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.